வீட்டுப் பட்டறைக்கு முதலில் வரவேண்டியது வைஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே சிறிய இரும்புப் பட்டறை ஒன்றை அமைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு வழிகாட்டும் வகையில் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மோட்டாரும் பம்பும் தறியும் சோறு போடும் இந்தக் கொங்கு மண்ணில், கைக்கருவிகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் வெளியிடவேண்டும் என்று தங்களுக்குத் தோன்றியதே எனக்கு மகிழ்ச்சி அளித்தது. 36 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து, அவற்றில் கடைசி 14 ஆண்டுகளை, கருவிகளையும் அச்சுகளையும் நுட்பமாகச் செய்யும் டூல் ரூமில் கழித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த உரிமையில், கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லாத இரண்டு செய்திகளைத் தங்கள் வாசகர்களின் முன் வைக்க விரும்புகிறேன். வாங்கவேண்டிய கருவிகளின் வரிசையில், சுழலும் வட்டால் இரும்பை அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர் முதலாவதாக வைக்கப்பட்டிருந்தது. மேசையில் பூட்டி இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் கடைசியில், வசதி இருந்தால் வாங்கலாம் என்ற குறிப்போடு இருந்தது. அரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்டுரையோடு வந்த படத்தில் ஓர் இளைஞர், வட்டை மூடும் காப்புத் தகடு கழற்றப்பட்ட கிரைண்டரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கண்ணாடி அணியாமல், காலடியில் மிதித்துவைத்த இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார். இவை இரண்டும் தனித்தனித் தவறுகள் என்று நான் கருதவில்லை. வைஸ் இல்லாத இடத்தில்தான் கால் வைஸாகிறது.

இதை என் வீட்டிலேயே கண்டவன் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கும் என் அண்ணனின் மகன், தறிக்கொட்டகையின் ஓர் ஓரத்தில் பட்டறை போட ஆசைப்பட்டு, டிரில், கிரைண்டர், நூற்றுக்கு மேற்பட்ட சில்லறைச் சாமான்கள் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய தொகுப்பு ஒன்றை வாங்கினான். வட்டு தீர்ந்தபோது அருகிலிருந்த ஒரு கடைக்குச் சென்றான். அங்கிருந்தவர், "அஞ்சு இஞ்சு வட்டு போட்டீங்கன்னா ரெண்டு மடங்கு நாள் வருமுங்க" என்று சொல்லி, 4 அங்குல இயந்திரத்தின் காப்புத் தகட்டைத் தம் கையாலேயே கழற்றிக் கொடுத்து, பெரிய வட்டின் துளை பொருந்தாததால் உள்ளே ஒரு வளையத்தையும் செருகி அனுப்பினார். வட்டு நடுவில் உட்காராததால் இயந்திரம் அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் 'எல்' வடிவ இரும்பான ஓர் ஆங்கிளை இரண்டு செங்கற்களின் மேல் வைத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நடுவில் அறுத்தான். இரு முனையும் தாங்கியிருக்க நடுவில் அறுத்தால், அறுபட அறுபட இரும்பு தன் எடையில் கீழே தொய்யும். வெட்டின் வாய் மேல்பக்கம் மூடிக்கொண்டு வட்டைக் கவ்வும். கவ்விய வட்டு உடைந்தது. ஒரு துண்டு அவன் முன்கையைக் கிழித்து ஏழு தையல் போடவைத்தது. இன்னொன்று நான்கடி தள்ளியிருந்த பிளாஸ்டிக் குடத்தின் இரண்டு பக்கத்தையும் துளைத்துக்கொண்டு சென்றது. குடம் இருந்த உயரத்தில்தான், சற்று முன்புவரை, அவனுடைய நான்கு வயது மகள் நின்றுகொண்டிருந்தாள்.

4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்றுச் சுற்றுகிறது. 100 மி.மீ. வட்டின் விளிம்பு அந்த வேகத்தில் நொடிக்கு 57 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வட்டின் விட்டம் கூடக் கூட, அதே சுழற்சியில் விளிம்பின் வேகமும் கூடும். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் அறுப்பு வட்டுகள் நொடிக்கு 80 மீட்டர் என்ற எல்லைக்குள் ஓடவே செய்யப்படுகின்றன. 7 அங்குல வட்டைச் சிறிய இயந்திரத்தில் மாட்டுவோர் அந்த எல்லையைத் தாண்டி நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்கள். 5 அங்குல வட்டு அந்த எல்லைக்குள் நின்றாலும், அதை மாட்டுவதற்காகக் காப்பைக் கழற்றிவிட்ட பிறகு, உடையும் துண்டுக்கும் உடலுக்கும் நடுவே எதுவும் இல்லை. காப்புத் தகடு வேலைக்கு இடைஞ்சல் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும் என்று நம்புகிறேன்.

எனவே பட்டறையின் முதல் செலவு வைஸாக இருக்கட்டும். வீட்டு வேலைக்கு 4 அங்குல வாய் உள்ளது தாராளம். புதிதாக வாங்குவோர் கடையிலேயே வாயைப் பாதி திறந்து, அசையும் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கவேண்டும். இலேசான அசைவு எதிலும் இருக்கும், கடகடவென்று ஆடினால் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டை வாயின் இடது ஓரத்திலும் ஒன்றை வலது ஓரத்திலும் வைத்து மூடி, இரண்டையும் இழுத்துப் பாருங்கள். ஒன்று நழுவி ஒன்று நின்றால் தாடைகள் இணையாக இல்லை. பழைய வைஸ் வாங்குவதை நான் தாழ்வாக நினைக்கவில்லை. கோவையில் ஆலைகள் மூடப்பட்டபோது பழைய இரும்புக் கடைகளுக்கு வந்த வைஸ்களில் பல, இன்று புதிதாக மலிவு விலையில் விற்பவற்றைவிடக் கனமான வார்ப்பு. தாடைத் தகடு தேய்ந்திருந்தால் கவலையில்லை, இரண்டு திருகைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். உடலில் எங்கேனும் வெல்டிங் வைத்த தடம் தெரிந்தால் மட்டும் வாங்கவேண்டாம். வார்ப்பு இரும்பில் வைத்த ஒட்டு, சுத்தியல் அடியை நெடுநாள் தாங்காது.

வைஸைப் பொருத்தும் உயரத்துக்கு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அளவு ஒன்று உண்டு. வைஸின் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, முழங்கையை அதன் வாயின் மேல் ஊன்றி, கையை மடக்கினால், மூடிய முஷ்டி மோவாயைத் தொடவேண்டும். அதற்குக் கீழே இருந்தால் ஒரு மணி நேரத்தில் முதுகு பேசும். மேலே இருந்தால் அரம் சமமாக ஓடாமல் ஏறி இறங்கும். நிலையான தாடையின் முகம் மேசை விளிம்பைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பூட்டினால்தான், நீளமான பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுக் கவ்வ முடியும். மேசை எதுவாகவும் இருக்கலாம், ஆடக்கூடாது. என் அண்ணன் மகனின் மேசைக்கு, கழித்துப்போட்ட பழைய தறியின் வார்ப்புக் கால்களையே பயன்படுத்தினோம். அதன் மேல் இரண்டு அங்குல வேப்பம்பலகையைப் பூட்டியதும், சம்மட்டியால் அடித்தாலும் அசையாத மேசை கிடைத்தது.

அடுத்தது அரம். இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத ஆசிரியர் அவர்கள் இடம் தரவேண்டும், ஏனெனில் இன்று அதிகம் புறக்கணிக்கப்படும் கருவி இதுவே. ஒரு 10 அங்குலத் தட்டை பாஸ்டர்ட் (முரட்டுப் பல்), ஒரு 8 அங்குலத் தட்டை ஸ்மூத் (நுண்பல்), ஓர் அரைவட்டம், ஒரு முக்கோணம், ஓர் உருட்டு அரம் ஆகிய ஐந்து இருந்தால், வீட்டுப் பட்டறையில் வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் மரப்பிடி கட்டாயம் வேண்டும். பிடி இல்லாத அரத்தின் வால் ஈட்டி முனை. இராவும் துண்டில் தட்டி அரம் திடீரென நின்றால் அது நேராக உள்ளங்கையில் ஏறும். புதிய அரத்தை முதலில் பித்தளை வேலைக்கு வைத்துக்கொண்டு, கூர் சற்று மழுங்கியபின் இரும்புக்குக் கொண்டுவருவது பழைய டூல் ரூம் வழக்கம், ஏனெனில் கூர் குறைந்த அரம் பித்தளையில் வழுக்கும், இரும்பில் இன்னும் நன்றாகவே கடிக்கும். பல்லின் இடுக்கில் இரும்புத் துகள் அடைத்துக்கொண்டால் அது இராவும் துண்டின் முகத்தில் ஆழமான கீறல் போடும். இராவும் முன் அரத்தின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டால் துகள் எளிதில் ஒட்டாது, ஒட்டியதும் கம்பி பிரஷில் வந்துவிடும். அரத்துக்கு எண்ணெய் கூடாது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும் பக்தியை நான் மதிக்கிறேன், நானும் வைப்பவன்தான். ஆனால் அரத்தின் பல்லிலும், நுண்ணளவு எடுக்கும் வெர்னியரின் தாடையிலும் ஈரச் சந்தனம் இரண்டு நாள் காய்ந்தால் துரு பிடிக்கும், பிடியில் வைத்தாலே போதுமானது.

அரம் முன்னே போகும்போது மட்டும் வெட்டும். திரும்பி வரும்போது அழுத்தத்தை எடுத்துவிடவேண்டும். அழுத்தியபடியே இழுத்தால் பல்லின் முனை சீக்கிரம் போகும். தள்ளத் தொடங்கும்போது அரத்தின் நுனியைப் பிடித்த கையில் அழுத்தம் கூடுதலாகவும், நடுவில் இரண்டு கையிலும் சமமாகவும், முடிவில் பிடி உள்ள கையில் கூடுதலாகவும் இருந்தால்தான் அரம் தராசுபோல் ஏறி இறங்காமல் மட்டமாக ஓடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. தையல் பிரித்த மாதமே என் அண்ணன் மகனுக்கு 50 மி.மீ. சதுரமும் 10 மி.மீ. கனமும் உள்ள ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, ஒரு விளிம்பை மட்டமாக்கி, அதற்கு மூலைமட்டமாக அடுத்த விளிம்பை இராவச் சொன்னேன். "சித்தப்பா, இதையே கிரைண்டர்ல வெச்சா ரெண்டு நிமிசந்தானுங்களே?" என்று கேட்டான். வைத்துப் பார் என்றேன். வைத்தான், இரண்டு நிமிடத்தில் விளிம்பு பளபளத்தது. அதன்மேல், செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை நிறுத்தி, சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே கண் உயரத்தில் பிடிக்கச் சொன்னேன். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் பிறைபோல் தெரிந்தது. நடுவில் மட்டுமே தகடு தொட்டது. அதன்பிறகு அவன் கேட்கவில்லை. நாளுக்கு அரை மணி நேரம் வீதம் பதினேழு நாள் இராவினான். பதினெட்டாம் நாள் காலை மூலைமட்டத்தின் கீழே, ஓர் ஓரத்தில் மட்டும், மயிரிழைபோல் ஒரு கீற்று வெளிச்சம் மீதமிருந்தது. அந்தக் கீற்றைக் காண அவன் என்னைக் கூப்பிட்டபோது, துண்டை அவன் பிடித்திருந்த விதத்திலேயே, வேலை அவன் கைக்கு வந்துவிட்டதைக் கண்டேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேரும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே இந்த இராவும் பயிற்சியைக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. இரும்பு எவ்வளவு கொடுக்கும், எங்கே எதிர்க்கும் என்பதை உள்ளங்கை அப்போதுதான் அறிகிறது. பின்னால் எந்த இயந்திரத்தைப் பிடித்தாலும் அந்த அறிவே அழுத்தத்தை அளந்து கொடுக்கிறது.

இரும்பறுக்கும் கைவாளான ஹாக்சாவுக்கு ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் பிளேடு உடைவது பாதியாகக் குறையும். அறுபடும் இரும்பின் கனத்தில் எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது பதிந்திருக்கவேண்டும். அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடு கனமான கம்பிக்கும் பட்டைக்கும், 24 பல் ஆங்கிளுக்கும் பொது வேலைக்கும், 32 பல் மெல்லிய குழாய்க்கும் தகட்டுக்கும் உரியவை. ஒரு மில்லிமீட்டர்த் தகட்டுக்கு 32 பல்லும் போதாது. அதை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்துக் கவ்வி, பலகையோடு சேர்த்தே அறுப்பது நல்லது. பல்லின் முனை முன்னோக்கி இருக்கும்படி மாட்டவேண்டும் என்பதை எத்தனையோ வீடுகளில் திருத்திக் காட்டியிருக்கிறேன். பாதி அறுத்த நிலையில் பிளேடு போய்விட்டால், புதியதைப் பழைய வெட்டுக்குள் விடாமல் மறுபக்கத்திலிருந்து தொடங்கவேண்டும். தேய்ந்த பிளேடு போட்ட வழி குறுகலானது, புதிய பல் அதில் சிக்கி உடையும். நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது இழுப்புக்கு மேல் வேண்டியதில்லை. 12 மி.மீ. கம்பியை ஹாக்சாவில் அறுக்க ஓரிரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் எல்லோரும் கிரைண்டருக்குத் தாவுகிறார்கள். அறுத்த முனையில் தொங்கும் பிசிறை எடுக்கவும், நீலம் பாரித்த சூட்டுத் தடத்தை நீக்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், சிறிய வேலைகளில் மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

சுத்தியலும் உளியும் வாங்கும்போது எடையைப் பார்ப்பவர்கள் பிடியைப் பார்ப்பதில்லை. பிடியின் மரநார் நீளவாக்கில் நேராக ஓடவேண்டும், தலைக்குள் ஆப்பு இறுகியிருக்கவேண்டும். உளியின் தலை அடி வாங்கி வாங்கிக் காளான்போல் விரிந்தால் உடனே இராவியோ சாணை பிடித்தோ நீக்கிவிடவேண்டும். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணைத் தேடி வரும். உளியின் முனையைச் சாணை பிடிக்கையில் அடிக்கடி தண்ணீரில் நனைப்பதை விட்டுவிடக்கூடாது. முனை வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்பு, ஊதா என்று மாறி நீலத்துக்கு வந்துவிட்டால், ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுத் தன் கடினத்தை இழந்துவிட்டது என்று பொருள். இந்த நிறங்களைப் பார்த்தே நம் கொல்லுப்பட்டறைகளில் அரிவாளுக்கும் கொழுவுக்கும் பதம் வைத்தார்கள். சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும் உருக்கு செய்த தடயங்களும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. இரும்பின் பதம் இந்த ஆற்றங்கரைக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உடையது. அந்த வட்டாரத்திலேயே இன்று ஓர் இளைஞர் உளியை நீலம் பாரிக்கச் சாணை பிடித்துவிட்டு, இரும்பு மட்டரகம் என்று கடைக்காரரோடு சண்டை பிடிப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

அளவுக்கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பேன். 6 அங்குல எஃகு ஸ்கேல், கோடு கீற ஒரு ஸ்கிரைபர், துளையின் மையத்தைப் புள்ளியிட சென்டர் பஞ்ச், மூலைமட்டம், 150 மி.மீ. வெர்னியர் இவ்வளவும் முதல் ஆண்டிலேயே இருக்கட்டும். மைக்ரோமீட்டர் பிறகு வரலாம். 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியரை வாங்கும்போது, தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இடைவெளி தெரியக்கூடாது, இரண்டு அளவுகோலின் சுழிக்கோடுகளும் நேருக்கு நேர் நிற்கவேண்டும். ஆசாரிகள் சொல்லும் நூல் கணக்கு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, கேட்டுக்கும் கட்டிலுக்கும் பொருந்தும். பேரிங் உட்காரும் இடத்துக்குப் பொருந்தாது. வெர்னியரால் கோடு கீறுவதும் அதையே ஸ்பேனராகப் பயன்படுத்துவதும் நான் கண்ணால் கண்டவை. அப்படிப்பட்ட பட்டறையில் எந்த அளவையும் நம்ப முடியாது.

துளை போடுவதில் பெரும்பாலோர் செய்யும் தவறு வேகம். சாதாரண இரும்பான மைல்டு ஸ்டீலில், எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) துளை பிட்டுக்கு நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவில் வெட்டு வேகம் வைத்தால், 6 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 1,300 சுற்றும், 10 மி.மீ. பிட் 800 சுற்றும் சுற்றினால் போதும். கை டிரில்களில் பல 2,500 சுற்றைத் தாண்டுபவை. விசையை முழுவதும் அழுத்திப் பெரிய பிட்டை ஓட்டினால், அது வெட்டாமல் உரசி, முனை கருகி, இரும்பின் மேல்பரப்பையும் இறுக்கிவிடும். வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, நடுநடுவே கூலண்டோ சோப்பு ஆயிலோ விட்டால், இரண்டு பக்கத்திலும் சமமான சுருள் வரும். ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்தால் பிட்டின் இரண்டு உதடும் சமமில்லை. அந்தத் துளை பிட்டின் அளவைவிடப் பெரிதாகவே இருக்கும். தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளை போடாதீர்கள். பிட் மறுபுறம் வெளியேறும் கணத்தில்தான் தகட்டைக் கவ்விச் சுழற்றும். அப்போது அது விசிறியின் இறக்கை. டிரில் ஓடும்போது கையுறையும் ஆகாது, கிரைண்டருக்கும் டிரில்லுக்கும் அருகில் தோளில் துண்டும் ஆகாது. தோளில் துண்டு இல்லாமல் இருப்பது நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்பதை நான் அறிவேன். பட்டறைக்குள் நுழையும்போது ஆணியில் மாட்டிவிடுங்கள்.

மரை போடுவோர்க்கு ஒரு சொல். துளைக்குள் மரை வெட்டும் டேப்புகளில், எட்டு மில்லிமீட்டர் டேப்புக்கு 6.8 மி.மீ., பத்துக்கு 8.5 மி.மீ., ஆறுக்கு 5 மி.மீ. துளை போட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று சுருளை உடைத்துக்கொண்டே இறங்கினால் டேப் உள்ளே முறியாது.

இவ்வளவும் கைக்கு வந்தபின் கிரைண்டர் வாங்குங்கள். அது தேவையில்லாத கருவி என்று நான் சொல்லவரவில்லை. காப்பும் பக்கப்பிடியும் இரண்டும் இருக்கட்டும். வட்டின் மேல் அச்சிட்டுள்ள உச்சச் சுழற்சி, இயந்திரத்தின் சுழற்சியைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நல்ல தயாரிப்புகளில் நடு வளையத்தில் காலாவதியாகும் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். பிசினால் இறுகிய வட்டு, ஈரத்திலும் காலத்திலும் வலுவிழக்கும். அறுப்பு வட்டின் பக்கவாட்டில் உரசித் தேய்க்கக்கூடாது; அது மெல்லியது, பக்க அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதன்று. மரம் அறுக்கும் பல் வட்டைக் கிரைண்டரில் மாட்டும் பழக்கத்தை எந்தப் பட்டறையில் கண்டாலும் தடுத்து நிறுத்துங்கள். பல் மரத்தைக் கவ்வினால் இயந்திரம் முழுவதுமே கையை மீறி முகத்துக்கு வரும். அறுக்கும்போது தொங்கும் பகுதி கீழே விழும்படி, வைஸின் வாய்க்கு வெளியே, வாய்க்கு நெருக்கமாக அறுத்தால் வெட்டு தானே திறந்துகொள்ளும், வட்டைக் கவ்வாது. புதிய வட்டை மாட்டியதும் ஒரு நிமிடம் ஆளில்லாத பக்கம் பிடித்துச் சும்மா ஓடவிடுங்கள்.

வெல்டிங்கைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதித் தீராது. வீட்டு மின்னிணைப்பில் எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும், 30 மில்லி ஆம்பியர்க் கசிவு பிரேக்கர் உள்ளதா என்பதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்தபின் தொடங்குங்கள். வெல்டிங் வெளிச்சம் பட்டு இரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிந்தால், தாய்ப்பாலோ உருளைக்கிழங்கோ வைக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை மூடிய அறையில் பற்றவைத்தால் அந்தப் புகையால் காய்ச்சல் வரும். பால் குடிப்பது அதற்கு மாற்றன்று, பூச்சை முன்னதாகவே நீக்கிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதே வழி.

கடைசல் இயந்திரமான லேத் வாங்க ஆசைப்படுவோர் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களிடம், சென்ற ஓராண்டில் உங்களுக்கு எத்தனை கடைசல் வேலை வந்தது என்றுதான் முதலில் கேட்பேன். கோவையின் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் ஒரு தெரு தவறினால் அடுத்த தெருவில் லேத் பட்டறை இருக்கும் ஊர் நம்முடையது. புஷ் ஒன்றைக் கடைந்து வாங்க, வரைந்த படத்தையும் சரியான அளவையும் கொண்டுபோனால் அரை நாளில் வேலை முடியும். வீட்டில் லேத் இருப்பதைவிட அந்த அளவைச் சரியாக எடுக்கத் தெரிந்திருப்பது மேல். எப்படியும் பழைய லேத் ஒன்றை வாங்கியே தீருவேன் என்பவர்கள், இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்குக்கு அருகில், அடித்தளமான பெட் தேய்ந்திருக்கிறதா என்பதை விரல் நகத்தால் தடவிப் பார்க்கட்டும். அதிகம் ஓடிய இடம் அதுவே. சூலூரை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி அக்கக்காகப் பிரித்துப் பூட்டித் தொழிலைக் கற்றார் என்பது இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். 1937இல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியவர் அவர். பிரித்துப் பூட்டும் அறிவு ஸ்பேனர் பிடித்த கைக்கு வந்தது. வீட்டுப் பட்டறை வைக்கும் இளைஞர்களிடம் அந்த ஆவல் குறைவின்றி இருக்கிறது. அவர்களுக்குக் கருவியை எந்த வரிசையில் வாங்குவது என்று சொல்லிக் கொடுப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். அந்தக் கட்டுரையின் படம் குறித்து அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தக் குறிப்பை வெளியிட்டு, காப்புத் தகடும் கண்ணாடியும் வைஸும் உள்ள படம் ஒன்றைப் போடுங்கள். கட்டுரையை வெட்டி ஒட்டிவைத்துக்கொள்ளும் வாசகர்கள் இருக்கிறார்கள். என் அண்ணன் மகனும் அப்படி ஒட்டிவைப்பவனே. மற்றொன்று, கருவிக் கடைக்காரர்களின் சங்கங்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக இதைக் கொண்டுசெல்லவேண்டும்: வாடிக்கையாளர் கேட்டாலும், கடையில் வைத்துக் காப்பைக் கழற்றிக் கொடுக்காதீர்கள், இயந்திரத்துக்குப் பொருந்தாத வட்டை வளையம் வைத்து விற்காதீர்கள். நம் ஊர்களில் ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் டர்னர்களும் ஏராளமானோர் இருக்கிறார்கள். தங்கள் இணைப்பில் மாதம் ஒரு கருவியை எடுத்துக்கொண்டு எழுதச் சொன்னால், மறுக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. முதல் மாதம் அரத்தைப் பற்றி எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

என் அண்ணன் மகன் இப்போது தறிக்கொட்டகையின் கதவுக்கு 12 மி.மீ. கம்பியில் தாழ்ப்பாள் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறான். ஹாக்சாவில் அறுத்து, அரத்தில் முனை உருட்டி, 12.5 மி.மீ. துளையில் ஓடும்படி அமைத்தது. குழந்தை ஒற்றை விரலால் தள்ளினாலும் சத்தமின்றிச் செல்கிறது. படம் வேண்டுமெனில் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
சூலூர், கோவை மாவட்டம்.